தலைவர் வாழை நட்ட பொது நிலம்

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் வாடகைக்கு இருந்தோம். லகாட் என்ற சிற்றூரைத் தாண்டி, துண்டு போட்டு விற்கப்பட்ட ரப்பர் தோட்டம் ஒன்றில் பதினெட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் சேர்ந்து நிலம் வாங்கி வீடு கட்டியிருந்தன; ஒரு பகுதியைப் பொதுவாக விட்டு, தங்களில் ஒருவரைத் தலைவராகவும் வைத்திருந்தன. ஒரு மனை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பசுமைக் குடியிருப்பு தேடுகிறவர்கள் இப்போது என்னிடம் விசாரிப்பதால் எழுதுகிறேன்.

ஞாயிறு காலை ஏழரைக்கு ஈப்போவில் லகாட் பஸ். அறுபது காசு. லகாட்டிலிருந்து நாலு கல், டாக்சிக்கு மூன்று வெள்ளி.

“பேருக்குத்தான் பொது நிலம் அக்கா. எல்லாம் தலைவரோடதுலா,” என்றார் டிரைவர். எனக்கும் அதே சந்தேகம்தான்.

லெட்சுமி அக்கா என்பவர் சுற்றிக் காட்டினார். வீடுகளுக்குப் பின்னால் ஓடையை ஒட்டி மூன்று ஏக்கர் பொது நிலம். வேலி போடக் கூடாது, களைக்கொல்லி அடிக்கக் கூடாது.

“தோட்டத்துல பதினாறு வருஷம் மருந்து அடிச்சேன். நகமெல்லாம் போயிருச்சு. இங்க அது வேணாம்னு நாங்கதான் முடிவு பண்ணோம்,” என்று கையை நீட்டினார்.

அந்தக் கையை நம்பினேன். நிலத்தை நம்பவில்லை. ஓடையோரம் நல்ல இடமாகப் பார்த்து யாரோ வரிசையாக வாழை நட்டிருந்தார்கள்.

“யார் வச்சது?”

“தலைவர் அண்ணன்தான். ஆனா யாரும் வெட்டிக்கலாம்.”

“நான் வெட்டலாமா?”

அக்கா சற்று யோசித்துவிட்டுக் கத்தியைக் கொடுத்தார். ஒரு தாரை வெட்டினேன். தலைவர் வேகமாக வந்தார்.

“யாரைக் கேட்டு வெட்டுனீங்க? நான் வச்ச மரம் இது.”

“பொது இடத்துல இருக்கிறது பொதுதாண்ணே,” என்றார் அக்கா.

சத்தம் கேட்டு எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். “இவங்க நிலத் தரகருக்கு வேண்டியவங்களா?” என்று ஒருவர் என்னைக் காட்டிக் கேட்டார். கூசிப் போனேன்.

அங்கேயே வீட்டுக்கு ஒரு கை தூக்கினார்கள். தலைவர் பக்கம் நாலு கை. எதிர்ப்பக்கம் பதினாலு, அதில் ஒன்று அவருடைய சொந்த மருமகனின் கை. வாழை பொது என்று முடிவானது. வெளியாள் வெட்டக் கூடாது என்றும் முடிவானது. தாரை லெட்சுமி அக்காவிடம் கொடுத்துவிட்டு, மனைக்குப் பெயரும் கொடுத்தேன்.

அடுத்த மாதக் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துக்கொள்ளக் கை தூக்கினார்கள். தலைவர் தூக்கவில்லை. மனை கிடைத்தது. அவர் நல்லவரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை.

இப்படி இடம் பார்க்கப் போகிறவர்கள் பத்து மணி வெயிலுக்கு முன் போங்கள். ஓடையோரம் அட்டை கடிக்கும், பாதத்தை மூடும் சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். விதிகளை வாசித்துக் காட்டினால் மயங்க வேண்டாம். தலைவர் எந்தக் கூட்டத்திலாவது தோற்றிருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.