கிடங்கில் நின்ற விமானத்துக்குப் புதுக் கண்ணாடி

கொச்சி மட்டாஞ்சேரியில் படகுகளுக்குக் கண்ணாடி பொருத்துவது என் வேலை. விமானம் என்று நான் கை வைத்தது ஒன்றே ஒன்றில்தான்.

இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். பழையது. சுக்கு மூட்டை அடுக்குகிற கிடங்கு ஒன்றில் நின்றது. இறக்கைகளைக் கழற்றிச் சுவரோரம் மெத்தைமேல் சாய்த்திருந்தார்கள். சொந்தக்காரர் ஒரு காலத்தில் பெரிய விமானம் ஓட்டியவர். கேப்டன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். வயதாகிவிட்டது. டாக்டர் சான்று இருந்தால்தான் ஓட்ட முடியும். அவருடைய சான்று கிறிஸ்துமஸோடு முடிகிறது. மறுபடி கொடுக்க மாட்டார்கள் என்று அவருக்கே தெரியும். அதற்குள் ஒரு தடவை இதைத் தன் கையால் ஓட்டிவிட வேண்டும். அவருக்கு வேண்டியது அது மட்டும்தான்.

முன் கண்ணாடி மஞ்சளடித்துப் போயிருந்தது. வெயிலுக்கு எதிரே பார்த்தால் உள்ளே முழுக்க மயிரிழைக் கோடுகள். அதைவிடக் கனமான புதுசு ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். பறவை மோதினாலும் தாங்குமாம். கண்ணாடி என்று சொல்வதுதான், அது பிளாஸ்டிக். படகுக்கும் அதையேதான் போடுகிறோம். வந்தது ஒன்றே ஒன்றுதான். இன்னொன்று வேண்டுமென்றால் மாதக்கணக்கில் ஆகும்.

நானும் சுள்ளிக்கலிலிருந்து வரும் சேட்டனும் வேலைக்குப் போனோம். சேட்டன் என்னைவிடப் பழைய கை. கோயமுத்தூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். விமான இன்ஜினியர். அவர் கையெழுத்துப் போடாமல் அது பறக்க முடியாது. அவர் கண் முன்னால்தான் நாங்கள் எதையும் செய்தோம்.

சட்டத்தின் பள்ளம் மெல்லிய கண்ணாடிக்கென்று செய்தது. புதுசின் ஓரத்தை இழைத்து மெலிசாக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் அராவுவோம். தூக்கி வைத்துப் பார்ப்போம். உட்காராது. இறக்கி மறுபடி அராவுவோம். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் கேப்டன் ஸ்டூலிலிருந்து எழுந்து நிற்பார். இறக்கினால் உட்காருவார்.

மத்தியானத்துக்கு மேல் கண்ணாடி பள்ளத்தில் உட்கார்ந்தது. இனி ஓரத்தில் தகரப் பட்டை வைத்து ஸ்க்ரூ போட வேண்டும்.

"முழுசா முடுக்கக் கூடாதுங்ண்ணா. ஸ்க்ரூ போய் நிக்குதில்ல, அங்கிருந்து அரைச் சுத்து பின்னால விட்ருங்க. வெயிலுக்கு விரியும், குளிருக்குச் சுருங்கும். எடம் வேணும்" என்றார் மேடம்.

"இதென்ன சட்டையோ மேடம், லூசா விட?" என்றார் சேட்டன்.

மேடம் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை.

படகில் நேர் எதிர். பசை பிதுங்கி வெளியே வரும்வரை முடுக்குவோம். இல்லாவிட்டால் முதல் அலையிலேயே தண்ணீர் உள்ளே வரும். சேட்டன் ஆயுசு முழுக்க அப்படி முடுக்கியவர்.

நான் இடது பக்கம். அவர் வலது பக்கம். மேல் வரிசை முடிந்தது. பக்கங்கள் முடிந்தன. ஒவ்வொன்றையும் சேட்டன் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டார். "நின்னு. அரை பின்னால. நின்னு. அரை பின்னால." கீழ் வரிசைக்கு வந்தபோது சொல்வது நின்றிருந்தது. நான் கவனித்தேன். சொல்ல வாயெடுத்தேன்.

டிக்.

சின்னச் சத்தம். விரல் நெட்டி முறித்தது போல.

கேப்டன் எழுந்துவிட்டார். மேடம் டார்ச்சோடு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே லாரி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது.

"யாரு முடுக்கினது?"

"நான்தான் மேடம்," என்றார் சேட்டன். "கை பழகிப்போயி."

துளையிலிருந்து ஒரு கோடு. நக நீளம்கூட இல்லை. கேப்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"பட்டைக்கு அடியிலதானே? நுனியில சின்னதா ஒரு துளை போட்டா விரிசல் அங்கேயே நிக்கும், அல்லே?"

"பழைய கண்ணாடின்னா அப்படி ஓட்டலாம் சார். இது புதுசு. பூட்டும்போதே விரிசல்னா நான் கையெழுத்துப் போட மாட்டேங்க."

"ஒரே ஒரு தடவை மோளே. நான் மட்டும் ஏறிக்கறேன். வேற ஆரும் வேண்டா."

"கீழ ஆளுக இருக்காங்க சார்."

அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீ சொல்லு. படகுல இப்படி வந்தா என்ன செய்வே?"

"துளை போட்டு ஓட்டிருவோம் சார்."

மேடம் என்னைப் பார்த்தார்.

"பின்னே?" என்றார் கேப்டன். குரல் உயர்ந்தது. "பின்னே இதுக்கு மட்டும் என்ன?"

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"படகு நின்னுபோனா மெதக்கும் சார்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். சேட்டன் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வையா வேறெதுவுமா, நான் பார்க்கவில்லை. கேப்டன் என் பக்கம் கையை நீட்டினார். ஸ்க்ரூ டிரைவரைக் கேட்கிறார் என்று புரியச் சற்று நேரம் ஆனது. கொடுத்தேன்.

"நான் கழத்தறேன் கேப்டன்," என்றார் சேட்டன்.

"நீ தொட்டது மதி, போதும். போயி எல்லாருக்கும் சாயா சொல்லிட்டு வா."

விரிசல் விட்ட அந்தத் துளையின் ஸ்க்ரூவைத்தான் முதலில் எடுத்தார். பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாக அவரே கழற்றினார். அவசரப்படவில்லை. சாயா ஆறிப்போனது.

அடுத்த கண்ணாடி வந்தபோது சான்று முடிந்திருந்தது. அதையும் நாங்கள்தான் பொருத்தினோம். சேட்டன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். ஸ்க்ரூ எல்லாம் நான் போட்டேன். மேடம் கையெழுத்துப் போட்டார். விமானத்தை லாரியில் ஏற்றி ஓடுதளத்துக்குக் கொண்டு போனார்கள்.

சில வாரம் கழித்துக் கேப்டன் போன் செய்தார். பறந்துவிட்டதாம். வேறொரு பைலட் ஓட்டினாராம். இவர் பக்கத்து சீட்டில்.

"கண்ணாடி எப்படி சார்?"

"கண்ணாடி இருக்கறதே தெரியல."

"நீங்க கொஞ்சமாவது ஓட்டினீங்களா?"

"அவன் பிடிச்சுக்கோன்னு சொன்னான்," என்றார். "நான் கையை மடியிலேயே வச்சிருந்தேன்."