குடிச்சுதுங்கன்னு சொன்ன பொய்

எனக்கு ஒரு எடத்துல உக்காரத் தெரியாது. அன்னைக்குக் கட்டுத்தறிக்கும் வாசலுக்கும் நடந்தே காலு ஓஞ்சு போச்சு. பொறந்து மூணே நாளான கெடாரிக்கன்னு காது சில்லிட்டுப் படுத்துக் கிடக்குது, தொப்புள் வீங்கியிருக்குது, எப்படி உக்கார்றது?

பல்லடத்துலிருந்து மாட்டு டாக்டரம்மா ஸ்கூட்டியில வந்தாங்க. ஈறைத் தூக்கிப் பாத்துட்டு, பொறந்ததும் சீம்பால் குடிச்சுதான்னு கேட்டாங்க.

"குடிச்சுதுங்க. வயிறு முட்டக் குடிச்சுது."

பச்சைப் பொய். மாடு செனையா இருந்தப்பவே, கன்னு விழுந்த ஒரு மணி நேரத்துல சீம்பால் குடுத்துருங்கன்னு அவங்க படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாங்க. நானோ நஞ்சுக்கொடி விழாம கன்னுக்குப் பால் ஊட்டக் கூடாதுங்கிற வழக்கத்தைப் புடிச்சுத் தொங்கினேன். கொடி விழச் சாயங்காலமாச்சு. விழுந்த கையோட மொதல்ல கறந்து, கருப்பட்டி போட்டுக் காய்ச்சி, சின்னச் சின்னப் போசியில ஊத்தி சொந்தக்காரங்க ஊட்டுக்கெல்லாம் அனுப்பினேன். கன்னு சப்புனது மிச்சம் மீதியத்தான். இதை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவங்ககிட்டச் சொல்றது?

டாக்டரம்மா ஊசி போட்டுட்டுப் போயிட்டாங்க. எனக்கு இருப்புக் கொள்ளலை. அடுப்புல சோத்தை வெச்சு மறந்து, அடி புடிக்க உட்டேன். மருந்து போட்டாச்சில்ல, சித்த நேரம் உக்காருன்னு ஊட்டுக்காரர் சொன்னதுக்கு அவர் மேல எரிஞ்சு விழுந்தேன்.

மறுநாள் காலையில கன்னு தலையத் தூக்கலை. டாக்டரம்மாவுக்குப் போனைப் போட்டு எல்லாத்தையும் கொட்டிட்டேன். தாய் மாட்டைப் புடிச்சுக் கட்டி வைங்க, வாரேன்னாங்க.

வந்ததும் மாட்டோட கழுத்துலிருந்து ஒரு பை ரத்தம் எடுத்தாங்க. சீம்பால்ல போயிருக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி தாயோட ரத்தத்துலயும் இருக்குது, அதைத்தான் இப்பக் கன்னுக்கு ஏத்துறேன்னு ஊசி குத்திக்கிட்டே சொன்னாங்க.

"நேத்தே சொல்லியிருந்தா நேத்தே ஏத்தியிருப்பேனுங்க."

ஏசியிருந்தாக்கூடத் தேவலை. அவங்க ஏசலை. ரத்தப் பையைத் தூக்கிப் புடிங்கன்னாங்க, புடிச்சேன். ரத்தம் சொட்டுச் சொட்டா எறங்குச்சு. வாழ்க்கையில மொதத் தடவையா அசையாம நின்னேன். மாடு பின்னாலிருந்து கத்திக்கிட்டே இருந்துச்சு.

பையில பாதி இருக்கிறப்ப டாக்டரம்மா குழாயை மூடினாங்க. மூச்சு நின்னிருந்த கன்னோட நெஞ்சுல கைய வெச்சுப் பாத்தாங்க. நான் பையை எறக்கலை.

"போதுமுங்கக்கா, எறக்குங்க," அப்படின்னாங்க.

நான் இன்னுங்கொஞ்சம் ஒசரத் தூக்கிப் புடிச்சேன்.