மலைதாங்கியின் தோள்பட்டை

தெருவில் எல்லோரும் அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அட்டைப்பெட்டிப் பட்டறையில் வேலை. புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் அதற்கான முதல் பெட்டியைக் கையால் வெட்டி மடித்து மாதிரி காட்ட வேண்டியவர் அவர். விருந்துக்குப் போனால்கூடச் சாப்பாட்டை விட்டுவிட்டு, அது வந்த பெட்டியின் மூலையைத் தடவிக்கொண்டு நின்று மானத்தை வாங்குவார் என்பது அவர் மனைவியின் நெடுநாள் புகார்.

கண்ணாடிக் குடுவையோ கடிகாரமோ, அவருக்கு மந்திரம் ஒன்றுதான். உள்ளே இருப்பது ஆடக் கூடாது. பெட்டியை மடித்து, மூலையை எந்திரத்துக்கு அடியில் கொடுத்து, காலால் ஒரு மிதி. கம்பிப் பின் ஒன்று நறுக்கென்று இறங்கும். பிறகு காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். சத்தம் வராவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கும்.

வீட்டில் ஒரே ஒரு பொருள்தான் ஆடாமல் இருந்ததே கிடையாது. ஆறு வயது மகள். பள்ளியில் கூப்பிட ஒரு பெயர் இருந்தாலும் வீட்டில் வாலு. அந்த வாலுவுக்குத்தான் முழங்கால் வீங்கியது. எங்காவது விழுந்திருப்பாள் என்று முதலில் விட்டுவிட்டார்கள். வீக்கம் வற்றவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பை ஒட்டி ஒரு நிழல் தெரிந்தது. “ஸ்கேன் எடுத்துடலாம். மத்தத அப்புறம் பேசுவோம்” என்றார் டாக்டர். பெட்டிக்காரர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

காந்தத்தால் படம் பிடிக்கிற பெரிய குழாய் அது. இடுப்பு வரைக்கும் உள்ளே போனால் போதும், தலை வெளியேதான் இருக்கும். வலி கிடையாது, அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதுதான் நடக்கவில்லை. குழாய் தடதடவென்று இரைய ஆரம்பித்ததும் வாலு ஊரைக் கூட்டிவிட்டாள். படம் முழுக்கக் கலங்கிப்போனது.

“இன்னொரு தடவ பாப்போம். அப்பவும் முடியலன்னா மயக்கம் குடுத்துதான் எடுக்கணும்” என்றார் ஸ்கேன் எடுக்கிற அம்மா.

கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு முறை மயக்க மருந்து கொடுத்ததில் வாலுவுக்கு மூச்சு முட்டியது. அந்த நீலம் பாரித்த உதடு இன்னும் பெட்டிக்காரரின் கண்ணை விட்டுப் போகவில்லை. மறுபடியும் அதைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை.

வழியை வாலுவே சொன்னாள். “சூப்பர் ஹீரோவெல்லாம் பயப்பட மாட்டாங்கப்பா. எனக்கு அந்த டிரெஸ் குடு, படுத்துக்கறேன்.”

கடையில் தொங்கிய உடை ஒவ்வொன்றிலும் ஜிப்போ ஊக்கோ ஏதோ ஒரு கம்பி இருந்தது. காந்தத்துக்குப் பக்கத்தில் அதெல்லாம் ஆகாது. அட்டையில் செய்தால் விடுவீர்களா என்று ஸ்கேன் அம்மாவிடம் கேட்டார். “வெறும் காகிதமும் பசையும்னா போட்டுட்டு வரட்டும். குண்டூசி கூட இருக்கக் கூடாது” என்று பதில் வந்தது.

“யார மாதிரி செய்யணும் கண்ணு?”

“யார மாதிரியும் இல்ல. நான் மலைதாங்கி.”

“அவ என்ன பண்ணுவா?”

“மலையத் தாங்கிட்டே இருப்பா. அசைஞ்சா மலை ஊர் மேல விழுந்துடும்.”

“பறக்க மாட்டாளா?”

“அப்ப மலைய யாரு புடிச்சுக்கறது?”

நியாயமான கேள்வி. அவர் அட்டையை விரித்தார்.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கூடத்தில் காகிதமாகப் பரப்பிவிடுவார். முதலில் செய்தித்தாளை மகள் மேல் சுற்றி அளவு. பிறகு மெல்லிய அட்டையில் கோடு இழுத்து, மடித்து, ஒரு துண்டின் நாக்கை அடுத்த துண்டின் பிளவில் செருகிப் பசை. மார்புக்கவசம் அசல் பாறை மாதிரி பட்டை பட்டையாக எழுந்து நின்றது. போட்டுப் பார்த்தால் மகளால் கையைத் தூக்க முடியவில்லை, முகம் சிவந்துவிட்டது.

“ஏங்க, அவ குடுவை இல்ல. மூச்சு விட எடம் விடுங்க” என்றாள் மனைவி.

அசடு வழிய இரண்டு பக்கமும் பிரித்து இடம் விட்டார். அந்த அவசரத்தில் இடது தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிட்டது. ஸ்கேனுக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. காலையில் அதைப் பட்டறைக்கு எடுத்துப் போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் சரிசெய்து, மேலே சிவப்புக் காகிதம் ஒட்டிக் கொண்டுவந்து பொருத்தினார்.

மறுநாள் மலைதாங்கி முகமூடியும் கவசமுமாக, கால் மட்டும் வெறுமையாக, நொண்டிக்கொண்டே கம்பீரமாக வந்தாள். கதவருகே ஸ்கேன் அம்மா உலோகம் காட்டும் கோலை அவள் மேல் ஓட்டினார். இடது தோளில் அது கீச்சென்றது.

“இருக்காதும்மா. நானே செஞ்சது. காகிதமும் பசையும்தான்.”

மறுபடி ஓட்டினார். மறுபடியும் கீச்சென்றது.

அப்போதுதான் பெட்டிக்காரருக்கு உறைத்தது. முந்தின நாள் மதியம் பட்டறையில் பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே வேலை. கையில் மூலை வந்ததும் கால் தன் பாட்டுக்கு மிதித்திருக்கிறது. உள்ளே இறங்கிய பின்னைப் பார்க்காமல் சிவப்புக் காகிதத்தை ஒட்டி மறைத்ததும் அவருடைய அருமைக் கைதான். பேயறைந்த மாதிரி நின்றார். மனைவி அவர் பக்கம் திரும்பாமல் மகளின் முகமூடியைச் சரிசெய்தாள். திட்டியிருந்தால் தேவலை.

பின்னை மட்டும் பிடுங்க முடியாது. அவர் ஒட்டினால் ஒட்டினதுதான், தோள் முழுதும் கிழிந்துதான் வரும். மகளின் உதடு கோண ஆரம்பித்தது. பெட்டிக்காரர் அவள் முன்னால் மண்டி போட்டார்.

“ஒரு தோள எடுக்கணும் கண்ணு. அப்பா தப்பு பண்ணிட்டேன்.”

வாலு யோசித்தாள். இதோ அழப்போகிறாள், எல்லாம் போயிற்று என்று அவர் நினைத்த நேரத்தில் தன் வலது தோளைத் தட்டிக் காட்டினாள்.

“கிழிப்பா. மலை இந்தப் பக்கம்தான் இருக்கு.”

கிழித்தார். கோல் இந்த முறை சும்மா இருந்தது.

காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தலைமாட்டில் நின்றார். குழாய் இரைந்தது, இடித்தது. முகமூடிக்குள் இரண்டு கண் மட்டும் உருண்டன. மற்றபடி வாலு கல்லாகக் கிடந்தாள். பிறந்ததிலிருந்து அவள் இப்படி இருந்து அவர் பார்த்ததில்லை.

“படம் பளிச்சுன்னு வந்திருக்கு. தங்கம்” என்றார் ஸ்கேன் அம்மா.

“அப்பாதான் கால ஆட்டிட்டே இருந்தாரு” என்றாள் அந்தத் தங்கம்.

எழுந்த பிறகும் அவள் விறைப்பாகவே இருந்தாள். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் நேராக உட்கார்ந்து, வலது தோளை உயர்த்தியபடி சுவரையே பார்த்தாள். மலையை எங்கே வைப்பது என்று யாரும் இன்னும் சொல்லவில்லையாம். பெட்டிக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை.

டாக்டர் தானே எழுந்து வெளியே வந்தார். “பயப்பட ஒண்ணும் இல்ல. எலும்பு சுத்தமா இருக்கு. மூட்டுல நீர் கோத்திருக்கு, அவ்வளவுதான். மாத்திரைல வத்திடும். கொஞ்ச நாளைக்குக் குதிக்காம பாத்துக்குங்க.”

பெட்டிக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது, யார் பார்க்கிறார்கள் என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. மனைவி முந்தானையால் முதலில் அவர் முகத்தைத் துடைத்தாள், பிறகு தன் முகத்தை.

வாலு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா, அப்ப நான் இறக்கி வெச்சிடவா?”

“வெச்சிடும்மா” என்றார். “வெச்சிடு.”

அவள் தோளிலிருந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கி, யார் காலும் படாமல் சுவரோரமாக மெதுவாக வைத்தாள். அடுத்த நொடி ஒற்றைக்காலில் துள்ளிக்கொண்டு ஓடினாள். கவசம் கடகடவென்று ஆடியது. பிடிங்க, பிடிங்க என்று மனைவி பின்னால் ஓடினாள். பெட்டிக்காரர் எழுந்திருக்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.