சிவப்பு அட்டை தொங்கிய கார்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் சாம்சன் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். மெஷினை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களில், ஸ்விட்ச் பெட்டியில் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவான். 'வேலை நடக்கிறது, இயக்காதே' என்று அதில் எழுதியிருக்கும். தொங்கவிட்டவனே வந்து கழற்றும்வரை முதலாளி வந்தாலும் அந்த மெஷினைத் தொட முடியாது. பிரித்த வேலை முழுதாக முடியாமல் அவன் அட்டையைக் கழற்றியதுமில்லை. இந்தக் கண்டிப்பால் அவன் ஷிஃப்டில் ஒருவருக்கும் விரல்கூடப் போனதில்லை. நல்ல பழக்கம்தான், ஆலைக்கு.

அவன் மனைவி ரோசம்மாளுக்குப் போன வருஷம் இடுப்பு மூட்டை மாற்றிப் புது மூட்டு வைத்தார்கள். நடை திரும்பியது. ஆனால் ரயில் படி ஏறக் கூடாது, பஸ்ஸில் இடிபடக் கூடாது என்றாகிவிட்டது. அவளுடைய அக்கா பூவம்மாள் ஆந்திர எல்லையைத் தாண்டி சூலூர்பேட்டையில் மகள் ஏஞ்சலோடு இருந்தாள். காலை நாஷ்டா முடித்துக் கிளம்பினால் அடுத்த டீக்குள் போய்விடுகிற தூரம்.

பூவம்மாளுக்கு நரம்பு நோய், நாக்கில் தொடங்கும் வகை. நினைவு கடைசிவரை தெளிவாக இருக்கும், பேச்சு மட்டும் ஒரு வருஷத்துக்குள் போய்விடும் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். எழுதிக் காட்டவும் வழியில்லை. பூவம்மாள் பள்ளிக்கூடம் போனதில்லை. அம்மா போன பிறகு, அடுத்தவர் வயலில் நாற்று நட்டுத் தங்கச்சியை வளர்த்தவள் அவள். ஃபோனில் அவள் பேச்சு குழைந்து குழைந்து வந்தது. எதிரில் உட்கார்ந்து உதட்டைப் பார்த்தால்தான் பாதியாவது பிடிபடும்.

"நாக்கு இருக்கும்போதே ஒருவாட்டி வந்துட்டுப் போடி."

இதை அவள் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் ரோசம்மாளுக்குப் புரிந்தது.

அதற்காகத்தான் கார் என்று சாம்சன் சொன்னான். பொய்யில்லை. ஆனால் அதற்கு ஒரு சாதாரண வண்டி போதும். கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து, நெடுஞ்சாலையில் சீறிக்கொண்டு தன்னைக் கடந்துபோன கார்களை அவன் எத்தனையோ வருஷமாகப் பார்த்தவன். அப்படிப்பட்ட ஒன்றுதான் கடைசியில் வீட்டுக்கு வந்தது. கறுப்பு நிறம், டர்போ இஞ்சின், அண்ணா நகர்ப் பையன் ஒருவன் ஓட்டி அலுத்துப்போன செடான்.

மீஞ்சூரில் கார் பட்டறை வைத்திருக்கும் மொய்னுதீன் வந்து பார்த்தார். பழவேற்காட்டுக்காரர், சாம்சனோடு ஐ.டி.ஐ.யில் படித்தவர். அடியில் புகுந்து, வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா பாய் சொல்லுது வண்டி?"

"பொண்ணு நல்ல பொண்ணுதான் நைனா. மொத ஊட்ல சோறு போடல, அவ்ளோதான்."

"வெளாடாதே பாய்."

"டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் ஒடனே மாத்து. ஓட்டத்துல பெல்ட்டு அறுந்தா இஞ்சினே போய்டும். அப்பறம் கியர்பாக்ஸ் ஆயிலு, பிரேக் பேடு. ரெண்டு மூணு நாள் வேலை. முடிச்சிட்டு ஊட்டுக்காரம்மாவ அவங்க அக்காகிட்ட இட்டுக்கினு போய்ட்டு வா. மத்ததெல்லாம் ஓட்டிக்கினே ஒண்ணொண்ணா பாத்துக்கலாம்."

"பிரிச்சா முழுசா முடிச்சிட்டுதான் வெளிய எடுக்கணும். அரைகொறையா வுடற ஆள் நான் இல்ல."

"யோவ், இது இன்னா ரோலிங் மில்லா? காருய்யா."

சாம்சன் சிரித்தான். வீட்டுப் பக்கத்து ஷெட்டில் காரை ஜாக்கி போட்டு நிறுத்தினான். ஆலையிலிருந்து ஒரு பழைய சிவப்பு அட்டையைக் கொண்டுவந்து ஸ்டீரிங்கில் மாட்டினான். சுவரில் சாக்பீஸால் கோடு கிழித்து, இடப் பக்கம் பழுது வேலைகளையும் வலப் பக்கம் தான் சேர்க்க விரும்பிய வேலைகளையும் எழுதினான்.

இடப் பக்கம் தீபாவளிக்கு முன்பே முடிந்துவிட்டது. பெல்ட், பம்ப், ஆயில், பேடு, தேய்ந்த ரப்பர் புஷ்கள் எல்லாம் புதிது. அன்றைக்கே அந்தக் கார் நெல்லூர்வரை போய்வரும். ஆனால் வலப் பக்கம் மிச்சமிருந்தது. பெரிய பிரேக் மாட்டினால் பழைய சக்கரம் அதன்மேல் உட்காராது. சக்கரத்தை மாற்றினால் டயரையும் மாற்ற வேண்டும். அகல டயர் போட்டு வண்டி உயரமாக நின்றால் பார்க்க நன்றாக இராது. எனவே வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங். அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அதன் பிறகு இஞ்சின் கம்ப்யூட்டரைத் திருத்தி வேகத்தைக் கூட்டும் ரீமேப். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது.

ஒரு நாள் ரோசம்மாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள்.

"இப்ப எடுத்தா வண்டி ஓடுமா, ஓடாதா?"

"ஓடும்."

"அப்பறம் இன்னா?"

"வேலை முடியல ரோசு. ஸ்பிரிங் வந்துடட்டும். அக்காவ பாக்கப் போறோம், ராணி மாதிரி போய் எறங்க வேணாமா?"

"ராணி இல்ல. அவ தங்கச்சி வந்தா போதும்."

அவள் ஸ்டீரிங்கில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனாள். அவளே ஒரு வண்டி பேசிக்கொண்டு போயிருக்கலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும். புருஷன் முகம் சுருங்கிவிடுமே என்று பொறுத்தாள். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று அவளும் தள்ளித்தான் போட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு ஏஞ்சல் ஃபோன் செய்தாள்.

"சித்தப்பா, நான் இங்கேர்ந்து ஒரு டாக்சி அனுப்பட்டுமா?"

"ஊட்ல இம்மாம் பெரிய காரு நிக்கும்போது வாடகை வண்டியில வந்து எறங்கினா உங்க தெருவுல இன்னா பேசுவாங்க?"

"எங்க தெருவுல ஒருத்தரும் ஒண்ணும் பேசமாட்டாங்க சித்தப்பா. அம்மா பேசறதுதான் கொறஞ்சிக்கினே வருது."

சாம்சன் பொங்கல் கழிந்து வருவதாகச் சொன்னான். பொங்கல் கழிந்தபோது ஃபோனில் பூவம்மாளின் மூச்சு மட்டும் கேட்டது. நேரில் பார்த்தால் உதடாவது பேசும் என்று ரோசம்மாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

தவக்காலம் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் தயாரானது. சாம்சன் சிவப்பு அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். கார் தரையோடு தரையாகப் பதுங்கி நின்றது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ரோசம்மாள் பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்து மடித்து, தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு ஒரு பையில் வைத்திருந்தாள். படுத்திருப்பவர்களுக்கு அதுதான் உதவும்.

ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தபடி அவள் சீட்டுக்கு முதுகு காட்டி நின்றாள். ஆபரேஷன் செய்த காலை முன்னால் நீட்டி, கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். சீட் வரவில்லை. இன்னும் இறங்கினாள். பாதியில் நின்றாள்.

"எங்கய்யா வெச்சிக்கீற சீட்ட? தரையிலயே உக்காந்துடலாம் போலக்கீதே."

புது மூட்டு வைத்தவர்கள் தாழ்ந்த இடத்தில் உட்காரக் கூடாது. முழங்காலைவிட இடுப்பு கீழே போனால் மூட்டு நழுவிவிடும். பயிற்சி கொடுத்த பெண் இருவரையும் உட்காரவைத்துத்தான் இதைச் சொன்னாள். கட்டில் காலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தியவன் சாம்சன். கழிவறைக்கு உயரமான சட்டம் வெல்டு செய்தவனும் அவனே. காரை இறக்கியவனும் அவனே.

தலையணையை எடுத்துவந்து போட்டான். அவள் தலை கூரையில் இடித்தது. பின் சீட்டிலும் அதே கதைதான்.

"பழைய ஸ்பிரிங்கயே திருப்பி மாட்டிடுய்யா," என்றாள் ரோசம்மாள்.

பழைய ஸ்பிரிங்குகளைச் சாம்சனேதான் ஆலையின் ஸ்கிராப் குவியலில் வீசியிருந்தான். அவை உலையில் உருகி, கம்பியாக உருண்டு, எந்த ஊர் வீட்டுக் கூரைக்குள்ளோ போய்விட்டன.

மொய்னுதீன் தன் பழைய ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு வந்தார். தாழ்ந்து நின்ற காரையும் சாம்சனையும் ஒரு முறை பார்த்தார். கேலி ஒன்று வாய்வரை வந்திருக்கும். அதை விழுங்கிவிட்டு, "முன்னாடியே உக்காரும்மா, இது நாற்காலி மாரிதான்," என்றார். ரோசம்மாள் ஒரே முயற்சியில் ஏறி உட்கார்ந்தாள். சாம்சன் பின்னால் ஏறிக்கொண்டான்.

பூவம்மாள் சுவரோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தங்கச்சியைப் பார்த்ததும் கண் கலங்கியது. வாய் திறந்தது. ரோசம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உதட்டையே பார்த்தாள். அது எந்த எழுத்துக்கும் குவியவில்லை. ஒரு நீளமான சத்தம் வந்தது, அவ்வளவுதான். ரோசம்மாள் எச்சிலைத் துடைத்தாள், அக்காவைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகில் புண் இருக்கிறதா என்று பார்த்தாள், பாதத்தில் எண்ணெய் தடவினாள். சின்ன வயசில் வரப்பில் விழுந்தது, திருவிழாவில் வளையல் தொலைத்தது என்று வாய் ஓயாமல் பேசினாள். பூவம்மாள் சில இடங்களில் சிரித்தாள். இந்தப் பக்கத்துப் பேச்சுக்கு அந்தப் பக்கத்துப் பதில் மட்டும் இல்லை.

வாசலில் நின்றிருந்த சாம்சன் கடைசியில் உள்ளே வந்தான். பூவம்மாள் அவனைப் பார்த்து எதையோ சொல்ல முயன்றாள். அவன் குனிந்தான். அவள் மறுபடியும் சொன்னாள்.

"இன்னா சொல்றாங்க ஏஞ்சல்?"

ஏஞ்சல் சற்று யோசித்தாள். "சரியாத் தெரியல சித்தப்பா. பேச்சு இருந்த வரைக்கும் டெய்லி ஒண்ணு கேக்கும். தம்பி வண்டி ரெடியாயிடிச்சான்னு. அதத்தான் கேக்குதோ இன்னாவோ."

சாம்சன் பூவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆயிடிச்சு அண்ணி," என்றான்.

மொய்னுதீன் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் அலைந்து, உயரமான பழைய ஸ்பிரிங் ஒரு செட் தேடிக் கொண்டுவந்தார். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் சாம்சனும் ரோசம்மாளும் அந்தக் காரில்தான் சூலூர்பேட்டை போகிறார்கள். ரீமேப் செய்த இஞ்சினை அவன் விரட்டுவதில்லை. மனைவியின் இடுப்பு குலுங்கக் கூடாது. அவள் இதுவரை அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவாள் என்று ஒவ்வொரு வாரமும் எதிர்பார்க்கிறான். எளாவூர் வருகிறது, ஆரம்பாக்கம் வருகிறது, தடா தாண்டுகிறது. ரப்பர் புஷ்கள் எல்லாம் புதிது என்பதால் வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. ரோசம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருகிறாள்.