பாட்டு நம்பர் இல்லாத இசை

ஆரணியில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். கெட்டிமேளம் கேட்டால் தாலி; கை தானாகவே ஜூமுக்குப் போகும். எந்தக் கல்யாணத்திலும் சத்தத்தை வைத்து அடுத்து நடக்கப்போவதைச் சொல்லிவிடுவேன். சமீபத்தில் ஒரு சர்ச் கல்யாணத்தில்தான் ஒன்றும் புரியாமல் நின்றேன்.

பெண் ஷீலா, நர்ஸ். அவள் அப்பா டேவிட் சார், அதே சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். சர்ச் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு முடித்து ஜோடி வாசலுக்கு நடந்தது. நான் கேமரா ஆடாமல் பிடிக்கும் கிம்பலோடு அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தேன். டேவிட் சார் வாசிக்கத் தொடங்கினார்.

மெதுவாக ஏதோ வரும் என்று நினைத்திருந்தேன். ஸ்வரங்கள் ஓடிய ஓட்டத்தில் மெஷின்தான் கெட்டுவிட்டதோ என்று தோன்றியது. ஜனங்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

"எத்தினாம் நம்பர் பாட்டுப்பா?" என்று ஒரு அம்மா என்னைக் கேட்டார்.

"தெரிலீங்கம்மா."

அதற்கு வார்த்தைகளே கிடையாது, நூறு வருஷத்துக்கு முன் பிரான்சில் ஆர்கனுக்கென்றே எழுதியது என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

ஜோடி வாசலுக்கு வந்தாயிற்று. பின்னால் ஒருவரும் வரவில்லை. இசை முடியாமல் கிளம்பலாமா கூடாதா என்று தெரியாமல் எல்லோரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பூ தூவ ஆளில்லை. மாப்பிள்ளையின் மாமா மட்டும் வேகமாக வந்தார்.

"இன்னாப்பா, அவரு பாட்டுக்கு வாசிச்சிகினே கீறாரு? ஜல்தி போய் நிறுத்தச் சொல்லு. பந்தி போடணும்."

போய் நிறுத்துவதா, இங்கே நின்று எடுப்பதா? இருப்பது ஒரே கேமரா. அப்போது ஷீலா சொன்னாள்:

"அண்ணா, இங்க வேணாம். அப்பாவ எடுங்க. என் கைய புடிச்சி உள்ள கூட்டினு வாங்கன்னு கேட்டதுக்கு, அழுதுடுவேன், சித்தப்பா வரட்டும்னுட்டாரு. நீ வெளிய போவும்போது வாசிக்கிறேன்னு மட்டும் சொன்னாரு."

உள்ளே ஓடினேன். டேவிட் சாரின் விரல்கள் மேலே பறக்க, கால்கள் கீழே இருந்த நீளக் கட்டைகளை மாறி மாறி மிதித்தன. தரை அதிர்ந்தது. முகத்தில் இருந்தது அழுகையா சிரிப்பா, எடிட்டிங்கில் பத்துத் தடவை பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. முடிந்தது என்று நினைத்தபோதெல்லாம் சத்தம் இன்னும் ஏறியது. கடைசியில் நின்றபோது, கைதட்டுவதா ஆமென் சொல்வதா என்று யாருக்கும் தெரியவில்லை.

டேவிட் சார் திரும்பாமலே கேட்டார்: "பொண்ணு போய்டுச்சா?"

"இல்லீங்க சார். என் பின்னாடியே வந்து நிக்குது பாப்பா."

அந்தக் கல்யாண வீடியோவில் வாசல் ஷாட் கிடையாது. அது எங்கே என்று மாப்பிள்ளையின் மாமா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இப்போதெல்லாம் புக்கிங் வந்தால், யார் யாரை எடுக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்வதில்லை. வாசிக்கிறவர் பெண்ணுக்கு என்ன உறவு என்றும் கேட்டுக்கொள்கிறேன்.