புளியரை ஏற்றத்தில் கொதித்த லாரி

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷங்கள் முன்பு, தென்காசியில் ஒரு நெல் வியாபாரியிடம் நான் லாரி டிரைவராக இருந்தேன். முதலாளியின் குடும்பம் அதுவரை மாட்டு வண்டிகளில்தான் மலைக்கு அந்தப் பக்கம் மூட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. லாரி வாங்கியதும் ஊரில் அவருக்கு மரியாதை கூடியது. லாரிக்குத்தான் அந்த மரியாதை தெரியவில்லை. செங்கோட்டை தாண்டிப் புளியரை ஏற்றத்தில் ஏறினால் போதும், ரேடியேட்டர் தண்ணீர் கொதித்து மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

இந்தக் கொதிப்புக்காகவே எனக்கு முன்னால் ஓட்டியவரை முதலாளி இறக்கிவிட்டிருந்தார். வேலையைவிட்டு அனுப்பவில்லை, அதே லாரியில் கிளீனராக்கிவிட்டார். அச்சன்புதூர்க்காரர், என்னைவிட மூத்தவர். தான் ஓட்டிய வண்டியில், எனக்குப் பக்கத்தில், தண்ணீர் டின்னைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வருவார். அதிகம் பேசமாட்டார். நான் கியர் மாற்றும்போது மட்டும் கிளட்சை மிதிப்பது போல அவருடைய இடது கால் தானாக அழுந்தும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

எனக்கும் கெடு வைத்தாயிற்று. குற்றாலச் சீசன் முடிவதற்குள் கொதிப்பு நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாக முதலாளி சொல்லிவிட்டார். கிளீனர் இடத்திலும் ஏற்கெனவே ஆள் இருந்ததால் நான் வீட்டுக்குத்தான் போகவேண்டும். அப்போது எனக்குக் கல்யாணமான புதிது. மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறார் என்று சொல்லித்தான் எங்கள் வீட்டில் பெண் கேட்டிருந்தார்கள்.

ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே இருந்த சேற்றைக் கழுவினேன். ரப்பர் குழாய்களை மாற்றினேன். மூட்டைகளைக் குறைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் செய்து முடித்த பிறகு, தானும் அதைச் செய்து பார்த்ததாகக் கிளீனர் சொல்வார். முன்னாலேயே சொன்னால் என்ன என்று கேட்டேன். நான் கேட்கவில்லையே என்றார். எரிச்சலாக வந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதைக்கூடச் சொல்லியிருக்கமாட்டேன்.

விசிறியின் மேல் மட்டும் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. அதற்குக் காரணம் குற்றாலத்துக் காற்று. எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் விசிறி வெளிக்காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுக்கவேண்டும். இழுக்கிறதா என்று பார்க்க, எஞ்சினை ஓடவிட்டு முன்னால் ஒரு துண்டைப் பிடித்தால் போதும். துணி போய் ஒட்டிக்கொள்ளும். எங்கள் லாரி நிற்கிற களத்தில் அதன் முகம் மேற்கே பார்த்து இருக்கும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து கணவாய் வழியாக வருகிற காற்றில் துண்டு என்ன, வேட்டியே ஒட்டிக்கொள்ளும். விசிறி நன்றாகத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டோம். புளியரை வரைக்கும் அந்த எதிர்காற்றே விசிறியின் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிடும் என்பது பிறகுதான் புரிந்தது.

ஒருநாள் ஏற்றத்தில் வழக்கம்போல் நின்றோம். அந்த வளைவில் மலை காற்றை மறைத்துக்கொண்டிருந்தது. சாரலில் நனைந்த துண்டைச் சூட்டில் காயவைக்கலாம் என்று கிளீனர் ரேடியேட்டர் முன்னால் பிடித்தார். எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. துண்டு ஒட்டவில்லை, சும்மா தொங்கியது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் எஞ்சினை உறுமவிட்டேன். விசிறி மட்டும் முன்னைப் போலவே நிதானமாகச் சுற்றியது. எஞ்சினை நிறுத்திவிட்டு விசிறியைச் சுற்றவைக்கும் தோல் பெல்ட்டைத் தடவினேன். விரலெல்லாம் இலுப்பை எண்ணெய். பெல்ட் பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டிருந்தது.

பெட்ரோல் துணியால் அழுத்தித் துடைத்தேன். அன்று கணவாய் தாண்டி ஆரியங்காவு வரைக்கும் எங்கும் நிற்காமல் போனோம். மறுநாள் அதே ஏற்றத்தில் மறுபடியும் கொதித்தது, பெல்ட்டில் மறுபடியும் எண்ணெய். என் சந்தேகம் கிளீனர் மேல் விழுந்தது. இடத்தைப் பறிகொடுத்த ஆத்திரம் யாருக்குத்தான் இருக்காது? கையும் களவுமாகப் பிடிக்க, அடுத்த நாள் விடிந்ததும் விடியாததுமாகக் களத்துக்குப் போனேன்.

எஞ்சின் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு முதலாளி நின்றிருந்தார். இடது கையில் எண்ணெய்க் கிண்ணம், வலது கையில் கோழி இறகு. மாடு பூட்டுவதற்கு முன் வண்டி அச்சுக்கு எண்ணெய் விடுவது போல, பெல்ட்டுக்கு ஒரு இடம் விடாமல் தடவிக்கொண்டிருந்தார். வாங்கிய புதிதில் காலையில் அது கிறீச்சென்று கத்தியதாம். அன்றிலிருந்து ஒருநாள்கூட அவர் தவறவிட்டதில்லை. கிளீனரும் அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார். எங்களைச் சேர்த்துப் பார்த்ததும் முதலாளி புத்திமதி சொல்ல ஆரம்பித்துவிட்டார். டிரைவர் என்று சொல்லிக்கொள்ளுகிறோம், ஒரு சொட்டு எண்ணெய் விடத் துப்பில்லை, எல்லாம் அவரே பார்க்கவேண்டியிருக்கிறது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அண்ணாச்சி, நீங்க போடுத எண்ணெயிலதான் விசிறி வழுக்குது. அதான் வண்டி கொதிக்குது.”

அவர் நம்பவில்லை. பெல்ட்டைத் துடைத்து, லாரியைக் கிழக்கே திருப்பி நிறுத்தி, துண்டைப் பிடித்துக் காட்டினேன். ஒட்டிக்கொண்டது. அவர் கையாலேயே எண்ணெயைத் தடவச் சொல்லி மறுபடியும் காட்டினேன். தொங்கியது. முதலாளி இறகைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கிளீனரைக் கை காட்டினார்.

“அப்போ இவன் ஓட்டும்போதும் இதேதானா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஜெயித்த வேகத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி கெட்டவராக இருந்திருந்தால் என் இடம் தப்பியிருக்கும். அவர் கிளீனரிடம் போய், தப்பு தன்மேல்தான் என்று வாய்விட்டுச் சொன்னார். அவரையே ஏறி ஓட்டச் சொன்னார். வேறு இடம் கிடைக்கும்வரை என்னைப் பக்கத்தில் இருந்துகொள்ளச் சொன்னார். நியாயம்தான். நியாயம் என்று எனக்கே தெரிந்ததால் சண்டை போடவும் வழியில்லை. தண்ணீர் டின்னை எடுத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறினேன்.

அன்று லாரி ஒரே மூச்சில் ஏற்றம் ஏறியது. நாங்கள் வழக்கமாக நிற்கிற வளைவு வந்தபோது அச்சன்புதூர்க்காரர் வேகத்தைக் குறைக்கவே இல்லை. அதைத் தாண்டிய பிறகுதான், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

“வீட்டுல உடனே சொல்லிராத, தம்பி. என்னைய எறக்கிவிட்டத எங்க வீட்டுல நான் இன்னும் சொல்லவே இல்ல.”