ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடி

வேதகிரி எட்டாவது வரை படித்தவன். காஞ்சிபுரத்தில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் டைனமோ பார்க்கிற பட்டறை ஒன்றில் ஒன்பது வருஷம் வேலை செய்தான். எண்பத்து நாலாம் வருஷம் ஆனி மாசத்தில், உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே எட்டடிக்கு ஆறடி இடம் பிடித்து, ஆட்டோ எலக்ட்ரிக் கடை போட்டான். மாகறல் காலனியில் பிறந்தவர்களில் தன் பெயரில் பலகை மாட்டியவன் அவன்தான் முதல் ஆள். பலகை மாட்டி நாலு மாசம் ஆனபோது அந்தக் கார் வந்து சேர்ந்தது.

ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணிக்கு, ஊரில் பெரிய நிலக்காரரான ராஜாராம் வீட்டுக் காரியங்களைப் பார்க்கிற சுப்பிரமணி, காலனி முனையில் சைக்கிளை நிறுத்தி மணி அடித்தார்.

"வேதகிரி, மாப்பிள்ள காரு கண்ணாடி எறங்கிப்போயி ஏறமாட்டுது. சாயங்காலம் நாலு மணிக்கு அவரு மெட்ராசுக்குக் கெளம்பணும். மானம் வேற மழைக்கு மூடிக்கினு கீது. பாக்கிறியா, இன்னா?"

"பாக்கிறங்கய்யா."

அக்கா சிட்டம்மாள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சுப்பிரமணி போனதும் வெளியே வந்தாள்.

"பட்டன் அமுக்கினா ஏர்ற கண்ணாடிய நீ எப்பனா பாத்துகீறியா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்கு ஒத்துக்கின?"

"அதுவும் பன்னெண்டு வோல்ட்டுதானக்கா."

அவள் கவலை அவனுக்குத் தெரியாமல் இல்லை. சரி செய்தால் ராஜாராம் வீட்டு டிராக்டர் இரண்டும், அவர் சொந்தக்காரர்கள் லாரிகளும் கடைக்கு வரும். கெடுத்தால், வெளிநாட்டுக் காரை உடைத்தவன் என்ற பேச்சு அவன் மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே உத்திரமேரூர் போய்ச் சேர்ந்துவிடும். புதுக் கடைக்கு அந்த ஒரு பேச்சு போதும்.

கார் ராஜாராம் வீட்டுக் களத்து ஓரம் நின்றது. இரண்டே கதவு, இரண்டே ஆள், தரையோடு தரையாகப் படுத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். பன்னிரண்டு வருஷத்துப் பழசு. ராஜாராமின் மருமகன் பரந்தாமன் அதை ஏதோ தூதரகத்து ஏலத்தில் எடுத்ததாகச் சொன்னார்கள். வலப்பக்கத்துக் கண்ணாடி, ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடி, முழுசாகக் கதவுக்குள் போயிருந்தது. உள்ளே தோல் சீட்டு.

"ஜாக்கிரதை. அந்தக் கதவு மாதிரி ஒண்ணு இந்த ஊர்ல கிடைக்காது," என்றார் பரந்தாமன்.

"இந்த ஜில்லாவுலயே கெடைக்காது சார்," என்றான் வேதகிரி.

அவன் வேலையில் அவசரம் கிடையாது. முதலில் பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நல்லது. இரண்டு சீட்டுக்கும் நடுவே இரண்டு சுவிட்சு இருந்தன. வலதை இடத்திலும் இடதை வலத்திலும் மாற்றிப் போட்டான். இடப்பக்கத்துக் கண்ணாடி ஏறி இறங்கியது, வலப்பக்கம் அசையவில்லை. சுவிட்சில் குற்றம் இல்லை. அப்படியானால் கோளாறு கதவுக்குள்தான்.

கதவின் உள்தட்டைக் கழற்ற ஒன்றரை மணி நேரம் போயிற்று. ஆறு திருகு கண்ணுக்குத் தெரிந்தது. கைப்பிடிக்கு அடியில் இரண்டு ஒளிந்திருந்தது. அதற்கு மேலும் தட்டு வரவில்லை. சுற்றிலும் அதைக் கதவோடு கவ்வியிருந்த பிளாஸ்டிக் பூட்டுகள். பன்னிரண்டு வருஷத்து வெயிலில் அவை அப்பளம் மாதிரி ஆகியிருந்தன. தட்டைக் கத்தியால் நெம்பி நெம்பி எடுத்தும் ஒன்று உடைந்தது.

"ஒடஞ்சுது போல கீதே," என்றார் சுப்பிரமணி. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வேற ஒண்ணு செஞ்சு போட்றங்கய்யா."

சோதனை விளக்கு அவனே செய்தது. பன்னிரண்டு வோல்ட் சின்ன பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். கண்ணாடியைத் தூக்கும் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி, அந்த ஒயர்களைப் பிளக்கில் செருகி, பரந்தாமனைச் சுவிட்சை அமுக்கச் சொன்னான். பல்பு பளிச்சென்று எரிந்தது.

கரண்ட் வருகிறது. மோட்டார் ஓடவில்லை. அப்படியென்றால் மோட்டார்தான் போய்விட்டது. பதினோரு மணிக்கு வேதகிரி அப்படித்தான் முடிவு செய்தான். பரந்தாமனிடமும் அப்படியே சொன்னான். அவர் முகம் இறங்கியது. அந்த மோட்டாருக்கு மெட்ராசில் எங்கே போவது?

"உள்ள காயில் கம்பி எரிஞ்சிருந்தா நான் புதுசா சுத்தித் தரேன் சார்," என்றான்.

மோட்டாரை வெளியே எடுப்பது லேசில்லை. கை நுழையும் ஓட்டை ஒரு சாண்கூட இல்லை. தகர விளிம்பு மணிக்கட்டை மூன்று இடத்தில் அறுத்தது. மூன்று போல்ட்டில் ஒன்று துருப்பிடித்து அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு, அரை மணி காத்து, மறுபடி முயன்று, ஒரு மணிக்கு மோட்டாரைக் கையில் எடுத்தான். டிராக்டர் பேட்டரியில் வைத்தான்.

மோட்டார் விர்ரென்று ஓடியது. திருப்பி வைத்தான், எதிர்ப்பக்கம் ஓடியது. காலையில் வாங்கினது மாதிரி ஓடியது.

"நல்லாதான் சுத்துது," என்றார் பரந்தாமன்.

கரண்டும் சரி, மோட்டாரும் சரி. கண்ணாடி மட்டும் ஏறாது என்றால் அது எந்த ஊர் நியாயம்? வேதகிரி வந்த வழியே கையை விட்டு, மறுபடி அறுபட்டு, மோட்டாரை மாட்டி, பிளக்கைச் செருகி சுவிட்சை அமுக்கினான். ஒரு முனகல்கூட இல்லை.

"காத்தாலேர்ந்து கயட்டிக்கினே கீற, மாட்டிக்கினே கீற," என்றார் சுப்பிரமணி. "நீ வரசொல்ல கண்ணாடி மட்டுந்தான் போயிருந்துச்சு. இப்ப கதவே போயிடும் போல கீது. பேட்டரியில வெச்சாதான் ஓடுதே, அப்படியே மேல ஏத்தி வுட்டுட்டு வூட்டுக்குப் போ."

"கண்ணாடி மூடியே இருந்தா நான் எப்படி ஓட்டுறது?" என்றார் பரந்தாமன். "திரும்புறப்ப கை காட்டணும். இதுல ஏசியும் வேலை செய்யல. செங்கல்பட்டு போறதுக்குள்ள வெந்துடுவேன்."

பரந்தாமன் கேட்காவிட்டாலும் வேதகிரி அப்படிச் செய்திருக்கமாட்டான். நாளைக்கு யாராவது அந்தக் கதவைத் திறந்தால், மாகறல் வேதகிரி அடைத்துவிட்டுப் போன கண்ணாடி என்றுதான் சொல்வார்கள்.

சிட்டம்மாள் களை எடுத்துவிட்டு வேலிப் பக்கம் வந்து, சோற்றுத் தூக்கை நீட்டினாள். "துன்னுட்டுப் பாரு நைனா."

"வெச்சிட்டுப் போக்கா."

"மூஞ்சி ஏன் இப்படிக் கீது?"

"போக்கான்னு சொல்றன்ல."

அவள் போகவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேதகிரி தரையில் உட்கார்ந்து, காலையிலிருந்து செய்ததை ஒவ்வொன்றாக மனசில் திருப்பினான். பியூஸ், சுவிட்சு, பல்பு. பல்பு எரிந்தது. ஆனால் பல்பை வைத்துப் பார்த்தபோது மோட்டார் கழன்று கிடந்தது. மோட்டார் மாட்டியிருக்கும்போது பார்க்கவே இல்லை.

எழுந்து, பிளக்கின் பின்பக்கத்து ஒயர்களில் சோதனை விளக்கின் முனைகளைக் குத்தினான். மோட்டார் சேர்ந்தே இருந்தது. "அமுக்குங்க சார்."

பல்பு எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். எரிந்தது. செருகினான். அணைந்தது.

அவனுக்குக் காது சுட்டது. பம்ப்செட் வைத்திருக்கிற விவசாயி எவர் வந்தாலும் கடையில் இதே கதைதான். ஷெட்டில் பல்பு எரிகிறது, மோட்டார் ஏன் ஓடவில்லை என்பார்கள். பல்புக்குச் சொட்டுக் கரண்ட் போதும், மோட்டாருக்கு முழுக் கரண்ட் வேண்டும், பல்பைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று அவனே அவர்களைத் திட்டி அனுப்புவான். போன வாரம் வந்த எல்லப்பனைக்கூட அப்படித் திட்டினான். இன்றைக்கு அவனே பல்பைப் பார்த்து நாலு மணி நேரத்தைக் கரியாக்கியிருந்தான்.

எங்கேயோ ஒயர் பாதி அறுந்து, ஒரு இழையில் தொங்குகிறது. பல்புக்கு அந்த இழை போதும். மோட்டார் இழுத்தால் ஒன்றும் வராது. எந்த இடத்தில் ஒயர் தினமும் மடங்கும்? கதவைத் திறந்து கீல் பக்கம் குனிந்தான். வண்டியிலிருந்து கதவுக்குள் ஒயர் நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் குழாய். அதைப் பின்னுக்குத் தள்ளினான். ஐந்து ஒயரில் சிவப்பு ஒயரின் தோல் வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. தொட்டதும் கையோடு வந்தது.

அறுந்த இடத்தை வெட்டி, புது ஒயர் சேர்த்து, ஈயம் பற்றவைத்து, டேப் சுற்றினான். மூன்று இருபதுக்குக் கண்ணாடி ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"இன்னாதான் கோளாறு?" என்றார் சுப்பிரமணி.

"ஒரு ஒயரு அறுந்துகீதுங்கய்யா."

"ஒரு ஒயரா? ஒரு ஒயருக்கா காத்தாலேர்ந்து எல்லாத்தையும் பிரிச்சிப் போட்ட?"

"ஆமாங்கய்யா. மோட்டார அவுத்தது என் தப்பு. அதுல ஒண்ணுமே இல்ல."

வேலியோரம் சிட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மோட்டாரைச் சுற்றிச் சரி செய்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் யாருக்குத் தெரியும் என்றிருந்தது அவளுக்கு. சுப்பிரமணி நாற்காலியை எடுத்துக்கொண்டு எழுந்தார். திங்கட்கிழமை அவர் டீக்கடையில் என்ன பேசுவார் என்பது வேதகிரிக்கு இப்போதே கேட்டது. உள்தட்டை மாட்டினான். உடைந்த பூட்டுக்குப் பதில் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இறுக்கினான். தூறல் போட ஆரம்பித்தது.

பரந்தாமன் காரில் ஏறி, இஞ்சினை எழுப்பி, கண்ணாடியை ஏற்றினார். கார் நகரவில்லை. கண்ணாடி மறுபடி இறங்கியது.

"வேதகிரி, அந்தப் பக்கத்துக் கதவையும் இதே மாதிரிதானே தினமும் திறந்து மூடுறோம்?"

"ஆமா சார்."

"அப்ப அந்த ஒயர்?"

"கொஞ்ச நாளு தாங்கும் சார். ஆனா அறுந்துடும்."

பரந்தாமன் இஞ்சினை நிறுத்தினார். "அதையும் பிரிச்சுடு. நான் நாளைக்குக் காலையில போய்க்கிறேன். தப்பு என்னுது, அறுந்தது வெறும் ஒயர்தான்னு நேரா சொல்ற ஆள் மெட்ராஸ்ல எனக்கு இன்னும் கிடைக்கல."

சுப்பிரமணி கையில் நாற்காலியோடு அப்படியே நின்றார். வேதகிரியின் மணிக்கட்டு எரிந்தது, வயிறு காய்ந்தது. வேண்டாம் சார் என்ற வார்த்தை அவனுக்கு வாய் வரைக்கும் வந்தது. காரை நெல் கொட்டகைக்குள் தள்ளச் சொல்லிவிட்டு, அக்கா வைத்திருந்த சோற்றை நின்றபடியே தின்றான்.

முதல் கதவுக்கு ஏழரை மணி நேரம் ஆகியிருந்தது. இடது கதவை அவன் ஐம்பது நிமிஷத்தில் முடித்தான். இந்த முறை ஒரு பூட்டும் உடையவில்லை.